பாதியில் நின்ற சொல்

மனிதரைப் போலவே கருவிகளும் தமக்குள் உரையாடுகின்றன. அவற்றின் மொழியில் எழுத்துகள் இரண்டே: சுழி, ஒன்று. 1982-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ‘ஐ-டூ-சி’ முறைக்கு இரண்டு கம்பிகளே போதும். ஒன்றில் துடிப்பு; மற்றொன்றில் செய்தி. எட்டுத் துடிப்புகளில் எட்டு எழுத்துகள் கடந்தபின், ஒன்பதாம் துடிப்பில் கேட்பவர் செய்திக் கம்பியைத் தாழ்த்தி, ‘பெற்றுக்கொண்டேன்’ என உணர்த்த வேண்டும்.

இவ்வுரையாடலில் தான் குறுக்கிடாமல் கேட்டு, எழுதி வைக்கும் சாட்சியே லாஜிக் அனலைசர்.

சிற்றூர் மருந்தகம் ஒன்றின் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியில் இச்சாட்சியின் துணையை நாம் நாடினோம். தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். வெப்பநிலையைக் காத்து நின்ற எச்சரிக்கைக் கருவியோ அவ்வப்போது ஊமையாயிற்று. அது ஊமையான இரவில் மருந்து கெட்டுப்போனால், குழந்தைக்கு ஊசி போட்டும் காப்பு இராது. வெப்ப உணரியே குற்றவாளி எனத் தீர்ப்பிட்டு, இருமுறை அதனை மாற்றியிருந்தனர். மாற்றிய போதெல்லாம் கருவி பேசியது, தீர்ப்பும் உறுதிப்பட்டது.

இரு கம்பிகளோடு ரீசெட் கம்பியையும் அனலைசரில் இணைத்தோம். செய்திக் கம்பி நெடுநேரம் தாழ்ந்து கிடந்தால் பதிவை நிறுத்துமாறு பணித்தோம். நிறுத்தும் கணத்துக்கு முன் நிகழ்ந்தவற்றையும் அது நினைவில் வைத்திருக்கும். அங்கேதான் உண்மை இருந்தது. உணரி விடையளித்துக் கொண்டிருக்கையில், ஐந்தாம் துடிப்போடு துடிப்பு நின்றிருந்தது. அதே கணத்தில் ரீசெட் கம்பி தாழ்ந்திருந்தது. கம்ப்ரசர் இயங்கத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்ததை ஆசிலோஸ்கோப் காட்டியது. அச்சரிவில் கட்டுப்பாட்டுச் சில்லு மயங்கி விழித்து, தான் வினவியதையே மறந்துவிட்டது. மயங்காத உணரியோ, சுழி என்னும் எழுத்தைக் கம்பியில் ஏந்தியபடி அடுத்த துடிப்புக்காகக் காத்து நின்றது. உணரியை மாற்றுவதற்காக மின்சாரத்தை நிறுத்தியதே கம்பியை விடுவித்தது. குணமோ புதிய உணரியின் கணக்கில் சேர்ந்தது.

மின்வழங்கலில் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்தோம். சில்லு விழித்தெழும் போதெல்லாம், வேறெதையும் கேட்குமுன் ஒன்பது துடிப்புகளை அனுப்புமாறு நிரலைத் திருத்தினோம். அதற்குள் உணரி தன் பாதிச் சொல்லை முடித்துக் கம்பியை விட்டுவிடும். பின்னர் புதிய வினா எழலாம்.

புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையும், நாளைப் பின்னோக்கிப் பார்க்கவே நம்மை அழைக்கிறது. வீட்டில் ஒருவர் பேசாதிருந்தால், பிடிவாதம் என்று எளிதில் தீர்ப்பிடுகிறோம். அம்மௌனத்திற்குச் சற்று முன்பு நடந்ததை எண்ணிப் பார்க்கிறோமா? அவர் சொல்லத் தொடங்கியபோது எழுந்து சென்றவர் நாமாகவே இருக்கலாம், சென்றதையும் மறந்திருக்கலாம். மீண்டும் அவரருகே அமரும்போது, நமது அடுத்த கேள்வியைச் சற்றே நிறுத்தி வைப்போம். அவர் தொடங்கிய சொல் முதலில் முடியட்டும்.