தியாகோ, சந்தியாகு, தியாகு

கண்டியை ஆண்ட ஒரு ராசாவுக்கு ஸ்பானியப் பேர் இருந்தது. சும்மா சொல்லவில்லை. சரித்திரப் புத்தகத்தில் முதலாம் விமலதர்மசூரியன் என்று படிச்சோமே, அவரேதான். கொனப்பு பண்டாரவாக போர்த்துக்கேயர் பக்கம் இருந்த காலத்தில் ஞானஸ்நானம் வாங்கி, 'ஒஸ்திரியாவின் தொன் ஜுவான்' என்ற பேரை எடுத்துக்கொண்டார். அசல் தொன் ஜுவான், ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்புக்குத் தகப்பன் வழித் தம்பி. 1571இல் லெபாந்தோ கடற்போரில் ஜெயித்த தளபதி. அன்றைக்கு ஐரோப்பாவே கொண்டாடின ஹீரோ. இன்றைக்கு ஒருத்தர் மகனுக்கு மெஸ்ஸி என்று வைக்கிற மாதிரிதான்.

அதே தொன் ஜுவான் பிறகு கட்சி மாறி, 1594இல் தந்துறையில் போர்த்துக்கேயப் படையை அடிச்சு நொறுக்கினார். அவர்கள் அரசியாக்கக் கூட்டிவந்த குசுமாசன தேவியைக் கலியாணம் கட்டி, பௌத்த ராசாவாக ஆண்டார். தேவிக்கும் இன்னொரு பேர் உண்டு: தோனா கதரீனா. பேரை வைத்து ஆளை முடிவு கட்டுகிறவர்கள் இந்தத் தம்பதியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 'ஜுவான்' என்றால் எபிரேய மூலத்தில் 'கடவுள் அருள் செய்தார்'. நம்ம கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்று சொல்வது அதனால்தான். அப்படிப் பார்த்தால் கண்டி ராசா ஓர் அருளப்பன்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அக்காவுக்குப் பையன் பிறந்த பிறகு. பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கு. அக்காவின் போனில் ஒரு பட்டியல்: மத்தேயோ, தியாகோ, ஹவியேர். எல்லாம் ஸ்பானியப் பேர், பக்கத்தில் அர்த்தம். நாங்கள் இந்து, மச்சான் வேதக்காரர். மச்சான் வீட்டில் புனிதர் பேர்தான் வேணும் என்றார்கள். அம்மா ஐயரிடம் போய் எழுத்து கேட்டு வந்தார். பிள்ளை விசாகம். தி, து, தே, தோ.

அக்கா போனை நீட்டினாள். "தியாகோ. தி-யில தொடங்குது. புனிதர் பேரு. மெஸ்ஸியோட மூத்த மகன் பேரு. இன்னும் என்ன வேணும்?"

இந்தப் பேரின் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. எபிரேயத்தில் யாக்கோபு. அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன் என்பதால் வந்த பேர். லத்தீனில் யாக்கோபுஸ் ஆகி, பழைய ஸ்பானியத்தில் யாகோ ஆனது. புனிதர் என்ற 'சாந்த்' முன்னால் ஒட்டி, சாந்த்-யாகோ, சந்தியாகோ. பிறகு யாரோ அதைத் தப்பான இடத்தில் வெட்டி சான்-தியாகோ என்று பிரிக்க, தியாகோ என்று ஒரு புதுப் பேரே பிறந்துவிட்டது. நம்ம பக்கம் வந்தது வெட்டாத பேர்: சந்தியாகு. குருநகர் யாகப்பரும் அவரேதான், சந்தியோகுமையோரும் அவரேதான். ஜேம்ஸும் அதே பேர்தான். அக்கா இணையத்தில் கண்டுபிடித்த புதுப் பேர் எங்கள் தோட்டத்து பழைய செக்ரோலில் தேடினால் கிடைக்கும்.

"அப்ப சந்தியாகுன்னே வைப்போமே" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"சந்தியாகு, சவரிமுத்துன்னு சொன்னா அடுத்த கேள்வி எந்தத் தோட்டம்னு வரும். தியாகோன்னா, பேரு நல்லா இருக்கே, என்ன அர்த்தம்னு கேப்பாங்க. என் புள்ளைக்கு ரெண்டாவது கேள்வி போதும்."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. கண்டி டவுனில் வேலை தேடிப் போன எங்களில் பலருக்கு அந்த முதல் கேள்வி தெரியும். பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பிறகு குரல் கொஞ்சம் மாறும். அக்கா பேருக்கு அர்த்தம் தேடவில்லை, பேரைப் பார்த்து யாரும் ஊரைக் கண்டுபிடிக்காமல் இருக்க வழி தேடினாள். அது ஓரளவுக்குத்தான் வேலை செய்யும் என்றும் எனக்குத் தெரியும். தியாகோவுக்குப் பக்கத்தில் தகப்பன் பேர் வரும். எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழிலும் தகப்பனின் இனம் என்று ஒரு கூடு இருக்கு, அதில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கு. 1823இல் தொடங்கின வருகைக்கு 2023இல் 200 வருசம் நிறைஞ்சு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போய் நினைவுகூர்ந்தார்கள். அந்தக் கூட்டை எந்த ஸ்பானியப் பேரும் மறைக்காது. ஆனாலும் அக்காவைக் குறை சொல்ல என்னால் முடியாது.

தியாகோ என்றே பதிந்தார்கள். தமிழில், சிங்களத்தில், இங்கிலீசில் முன்கூட்டியே எழுதிப் பார்த்துக்கொண்டு போனதால் எழுத்து மாறவில்லை. (உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்க.) வீட்டுக்கு வந்த அன்றே அம்மாயி பிள்ளையை 'தியாகு' ஆக்கிவிட்டார். தியாகராஜனைச் சுருக்கின தியாகு. "அந்தக் கடைசி 'கோ' எதுக்கு, கோழியக் கூப்பிடுற மாதிரி" என்கிறார்.

பட்டியலில் அக்கா முதலில் வெட்டினது ஹவியேரை. ஸ்பானியத்தில் ஜே எழுத்தை 'ஹ' என்று சொல்ல வேணும், இங்கே எல்லாரும் ஜாவியர் என்றுதான் வாசிப்பார்கள், அதனால். எனக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம். அது 1506இல் பிரான்சிஸ் சவேரியார் பிறந்த கோட்டையின் பேர். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மொழிக்காரர் ஊர்களில் 'எச்சே பெர்ரி' என்று சொன்னது தேய்ந்து ஹவியேர் ஆனது, தமிழ்க் கரைக்கு வந்து சவேரியார் ஆனது, தோட்டத்துக்கு வந்து சவரிமுத்து ஆனது. எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதுசு. எங்கள் லயத்தில் ஒரே காம்பராவில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே செத்துப்போன சவரிமுத்துமார் எத்தனை பேர். எல்லாருடைய பேரிலும் ஒரு புது வீடு இருந்தது.