பரணிப் பாலையில் ஒரு பகடையாட்டம்

பேயின் பசி எவ்வளவு என்பதை எண்ணால் சொல்ல வேண்டிய தேவை கலிங்கத்துப்பரணிக்கு உரை கண்டவர்கள் எவருக்கும் நேர்ந்திராது. எங்களுக்கு நேர்ந்தது. ஒன்று முதல் இருபது வரை ஓர் எண். இருபதைத் தொட்டால் பேய் எதிரில் நிற்பவரைத் தின்னும். ஒன்றில் இருந்தால் பாட்டுப் பாடும். இடைப்பட்ட எண்களில் என்ன செய்யும் என்று முடிவு செய்வதற்கே திருவொற்றியூரில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின.

விஷயத்தைச் சற்று விளக்கிவிடுகிறோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டின் வழியில் வந்த ஆட்டம் இது. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்வதை வாயால் சொல்வார்கள். செயல் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபத சோபான படம் ஆடியவர்களுக்குப் பகடையும் மறுவுலகமும் புதியவை அல்ல. ஆனால் பரமபதத்தில் காய் நகர்ந்த கட்டத்தில் பாம்பு இருந்தால் இறங்க வேண்டியதுதான். ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. இங்கே முதலில் துணிவு, பிறகுதான் பகடை.

கல்லூரியில் தமிழ் நடத்தும் எங்களிடம் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் மாணவர்கள். மனிதருக்குப் பகையான ஒரு மறுவுலகத்தை அமைக்க வேண்டும் என்றார்கள். கொம்பு முளைத்த அரக்கர்களும் கந்தகக் குழிகளும் எங்களுக்குச் சலிப்பூட்டின. செயங்கொண்டார் இருக்கும்போது கடன் வாங்குவானேன்? 'காடு பாடியது' பகுதியில் வரும் பாலையில் வெயில் தன்னைக் குடித்துவிடும் என்று அஞ்சி நிழல் குடிபெயர்ந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது பறக்கும் பருந்தின் நிழல் மட்டும், அதுவும் நிற்பதில்லை. இதைவிடச் சிறந்த ஆட்டவிதியை எந்த அமெரிக்கரும் எழுதியிருக்க முடியாது. ஆகவே எங்கள் பாலையில் நிழல் வேண்டுபவர் பருந்தோடு நடக்க வேண்டும். பருந்து எந்தத் திசையில் பறக்கும் என்பதைப் பகடை சொல்லும். வழியை விடாமல் வெயிலில் நடப்பவர் ஒவ்வொரு நாழிகைக்கும் குடுவையில் ஒரு மடக்குத் தண்ணீர் இழப்பார்.

வரைபடம் தீட்டும்போதுதான் தகராறு மூண்டது. காளியின் காட்டைத் தேடி எங்கும் போக வேண்டாம், எண்ணூரை அப்படியே வரைந்துவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். கவர்ச்சியான யோசனைதான். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்தவருக்குப் பாலையைத் தனியே வருணிக்கத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரம் வரை படர்ந்து படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா, உறங்கிக்கொண்டிருந்த மக்களை மூச்சுத் திணறத் தெருவுக்கு விரட்டியது. பகைநிலம் என்பதற்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

எண்ணூர்க் குப்பம் ஒன்றிலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவி அதுவரை பேசாமல் இருந்தாள். "ஐயா, அங்க எறா புடிக்கிறாங்க. அது நரகம்னா எங்கப்பா யாரு, பேயா?" என்றாள்.

மாடியில் வெகுநேரம் வாதம் நடந்தது. வடசென்னை என்றவுடன் அரிவாளைத் தூக்கும் திரைப்படங்கள் போதாவா என்றார் ஒருவர். இருப்பதைக் காட்டினால் என்ன குற்றம் என்றார் யோசனை சொன்னவர். அவர் கட்சியிலும் நியாயம் இருந்தது. ஆயினும் எங்களைத் திருப்பியது வேறொரு எண்ணம். பரணியின் பாலையைச் சுடுவது சூரியன். அவன்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. எண்ணூரின் சாம்பலுக்கும் எண்ணெய்க்கும் பொறுப்பாளிகள் உண்டு. மக்கள் அவர்களைப் பசுமைத் தீர்ப்பாயம் வரை இழுத்திருக்கிறார்கள். அந்த நிலத்தை மறுவுலகமாக வரைந்தால் அதன் துன்பம் யாரும் செய்யாதது போலாகிவிடும். எண்ணூர் வரைபடத்திலிருந்து நீங்கியது.

அவளுடைய கேள்வி மட்டும் நீங்கவில்லை. பேய் யார்? பரணியை அந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தோம். செயங்கொண்டாரின் பேய்கள் கொடியவை அல்ல, பட்டினி கிடப்பவை. நொண்டிப் பேய்க்கும் குருட்டுப் பேய்க்கும் ஊனம் வந்ததற்குக் காரணம் சொல்கிறார். காளியிடம் அவை பசியைச் சொல்லி முறையிடுவதற்கென்றே 'பேய் முறைப்பாடு' என்று தனிப்பகுதி வைத்திருக்கிறார். (தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக இதை எத்தனை ஆண்டுகள் கேட்டிருப்போம்!) அன்றைக்கு எழுதிய விதி இது: பேயைக் கொன்றால் ஆடுபவருக்கு ஒரு புள்ளியும் கிடையாது, அதன் முறைப்பாட்டை முழுதும் கேட்டால் வழி கிடைக்கும். இந்திரசாலப் பகுதியும் உள்ளே வந்தது. முதுபேய் காட்டும் மாய உணவின்மேல் பாய்கிறவருக்கு, பேயோ மனிதரோ, பசி இரண்டு எண் ஏறும்.

கூழில் வந்து மாட்டிக்கொண்டோம். பரணியில் பேய்களின் பசி தீர்வது கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற களத்தில். பிணங்களின் பல்லை அரிசியாகக் குற்றி அவை கூழ் அடுகின்றன. அதாவது, பேய்கள் உண்ண வேண்டுமானால் எங்கோ ஒரு நாடு அழிய வேண்டும். வகுப்பில் அதை வீரச்சுவை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆட்டத்தில் கடக்க முடியாது. போர் மூட்டலாமா என்று எதிரில் இருப்பவர் கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருக்களில் ஆடி மாதம் அம்மனுக்கு வார்க்கும் கேழ்வரகுக் கூழை இரண்டாவது வழியாகச் சேர்த்தோம். கணக்கையும் நேர்மையாகவே வைத்தோம். போர்க்களக் கூழ் உண்டால் பசி ஒன்றுக்கு இறங்கி ஓராண்டு அங்கேயே நிற்கும். கேழ்வரகுக் கூழ் பானைக்கு நான்கு எண் குறைக்கும், அதுவும் ஓர் இரவுக்கு மட்டும்.

சென்ற ஆடியில் முதன்முறையாக ஆடிப் பார்த்தோம். கதையை நடத்தியவள் அந்த எண்ணூர் மாணவிதான். கம்பருக்குப் பந்தம் பிடித்ததாகச் சொல்லப்படும் எங்களூர் வட்டப்பாறையம்மனின் சாயலில் அவள் காளியைப் பேசவைத்தாள். ஆணையிடாத காளி, கேட்டுக்கொண்டே இருக்கும் காளி. ஆடிய நால்வரும் இரண்டு மணி நேரம் தமக்குள் சண்டையிட்டுக் கேழ்வரகையே தேர்ந்தார்கள். மூன்று பானை வடித்தார்கள். பேய்களின் பசி பதினேழிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. நொண்டிப் பேய் பாட முயன்றது. மறுநாள் இரவு பசி மீண்டும் பதினேழு. கையில் மாவு இல்லை. ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கேழ்வரகு எந்தத் திசையில் விளையும் என்று மூவர் கேட்டார்கள். கலிங்கம் எத்தனை நாள் வழி என்று நான்காமவன் கேட்டான்.