குமாவுன் அடிவாரம் – 2: கூடாரம் போட ஓர் இடம்

காத்கோதாமில் ரயிலை விட்டு இறங்கியதோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். தண்டவாளமும் அங்கேதான் முடிகிறது. 1884-இல் சமவெளியிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ரயில் இன்றுவரை அதற்கு மேல் ஓரடி ஏறவில்லை. மேலே பீம்தாலுக்கும் நைனிதாலுக்கும் ஜீப்பும் பஸ்ஸும்தான்.

நானும் மச்சானும் சென்னையில் போட்ட திட்டம் இது: முதலில் ஏரிக்கரையில் கூடாரம், பிறகு ராம்நகர் பக்கம் இறங்கி கோசி ஆற்றங்கரையில் கூடாரம். டென்ட், ஸ்லீப்பிங் பேக், தலையில் மாட்டும் டார்ச் எல்லாம் ஊரிலிருந்தே வந்தன. அடுப்புக்கான கேஸ் டப்பாவை ரயிலில் கொண்டுவரக் கூடாது என்பதால் அதை அருகிலுள்ள ஹல்த்வானி கடைத்தெருவில் வாங்கினோம். வாங்கிய இடத்தில்தான் அந்த ஏஜென்ட் அறிமுகமானார். ஆற்றங்கரையில் தனி இடம், இரவில் தீ மூட்டிக் குளிர்காயலாம், காலையில் படுத்த இடத்திலிருந்தே ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் என்று செல்போனில் படம் படமாகக் காட்டினார். மச்சான் 3,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டான்.

ஹல்த்வானியை விட்டுக் கிளம்பும் முன் கௌலா ஆற்றைப் பார்த்தோம். மழைக்காலம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அகலமான படுகை, கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல். நடுவில் மெலிந்து ஒரு நீரோட்டம். பள்ளிப் பாடத்தில் பாபர் சமவெளி, தராய் மண்டலம் என்று மனப்பாடம் செய்திருப்போமே, அந்தப் பாபர் இதுதான். இமயமலையிலிருந்து ஆறுகள் உருட்டிவரும் கல்லும் சரளையும் அடிவாரத்தில் 8 முதல் 16 கிலோமீட்டர் அகலத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. சின்ன ஓடைகள் இந்தச் சரளைக்குள் புகுந்து காணாமல் போய், தெற்கே தராயில் ஊற்றாகவும் சதுப்பாகவும் மறுபடி மேலே வருகின்றன. வரைபடத்தில் நீலக் கோடு இருக்கும். நேரில் போனால் வெறும் கல். கூடாரம் போட இடம் தேடுகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சமதளம், காய்ந்த தரை, மேலே திறந்த வானம் என்று அந்தப் படுகை பார்ப்பவரை வா வா என்று அழைக்கும்.

பீம்தால் 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவே ஒரு தீவு, ஓரத்தில் 1883-இல் கட்டிய கல்லணை. கீழே பாபரில் ஓடைகள் மண்ணுக்குள் மறைந்துவிடுவதால் அங்குள்ள வயல்களுக்கு இந்த ஏரியைத் தேக்கித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அணைமேல் நின்று பார்க்க அழகான ஏரிதான். ஆனால் கரையை என்ன சொல்ல! சிப்ஸ் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, மதுப் புட்டி. வார இறுதியில் கார் நிறைய வந்து இறங்குகிற கூட்டம், தின்றதைத் தின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது. மலையூர்க்காரர்கள் இதற்காக எத்தனை கோபப்பட்டாலும் தகும். 2024 ஏப்ரலில் நைனிதாலைச் சுற்றிக் காடு பற்றி எரிந்தபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் பெரிய வாளியைத் தொங்கவிட்டு இந்த ஏரியில்தான் தண்ணீர் மொண்டன. காட்டைக் காத்த தண்ணீர் அது. அந்தத் தண்ணீரில் எச்சில் தட்டை வீச எப்படி மனம் வருகிறது?

அங்கே தங்காமல் ஸாத்தாலுக்குப் போனோம். ஓக் மரமும் பைன் மரமும் சூழ்ந்த பள்ளத்தில் சின்னச் சின்ன ஏரிகள். 1930-இல் ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் தொடங்கிய ஆசிரமம் இன்னும் இருக்கிறது. காட்டுக்குள் நம் விருப்பத்துக்குக் கூடாரம் போட முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். ஆகவே ஒரு குடும்பம் தன் வீட்டுப் படிக்கட்டு வயலில் வாடகைக்கு விடும் இடத்தில் போட்டோம். கழிப்பறை சுத்தமாக இருந்தது. இதைத் தனியாக எழுதக் காரணம், இந்தப் பயணத்தில் அது அரிதாகவே கிடைத்தது என்பதுதான். அந்த வீட்டு நாயின் கழுத்தில் ஆணி வைத்த இரும்புப் பட்டை. சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க அந்தக் காப்பு. இருட்டிய பின் டென்ட்டை விட்டுத் தனியாக வெளியே போகாதீர்கள் என்று வீட்டம்மா இரண்டு முறை சொன்னார். சொன்னபடி நடந்தோம். விடியும் முன்பே பறவைகளின் சத்தம் தொடங்கிவிடுகிறது.

பிறகு ராம்நகர். வழிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கார்பெட் தேசியப் பூங்காவின் பெயர்பெற்ற திகாலா பகுதி நவம்பர் நடுவில்தான் திறக்கும், திறந்தாலும் அங்கே வன விடுதியில்தான் தங்கலாம், சொந்தக் கூடாரம் கிடையாது. அதனால்தான் நாங்கள் பூங்காவுக்கு வெளியே கோசிக்கரையைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

ஏஜென்ட் அனுப்பிய பையன் எங்களைச் சாலையோரம் இறக்கிவிட்டு, கோசியில் போய்ச் சேரும் ஒரு காய்ந்த ஓடைக்குள் நடத்திக்கொண்டு போனான். படத்தில் காட்டிய ஆறு அங்கே இல்லை. படுகையின் நட்டநடுவில் ஏற்கெனவே இரண்டு டென்ட் நின்றன. நாங்கள் மூட்டையைக் கீழே வைக்கும்போது சாலைப் பக்கமிருந்து ஒரு குரல். ஓடைக்கு மேலே தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர், கையில் கம்போடு இறங்கி வந்துகொண்டிருந்தார். குமாவுன் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவராம். எல்லோரும் ஃபௌஜி சாச்சா, அதாவது பட்டாளத்துச் சித்தப்பா, என்று அழைக்கிறார்கள்.

அவர் எங்களைத் திட்டவில்லை. கரையோரப் புதர் ஒன்றின் அருகே கூட்டிக்கொண்டு போய், என் நெஞ்சுயரத்தில் கிளைகளுக்கு நடுவே சிக்கியிருந்த ஒரு மரக்கட்டையைக் கம்பால் தட்டிக் காட்டினார். “பேட்டா, இதை இங்கே யார் கொண்டுவந்து வைத்தார்கள்?” என்று கேட்டார். காய்ந்த புல்லும் கிழிந்த சாக்கும் அதே உயரத்தில் வரிசையாகத் தொங்கின. மழை மேலே மலையில் பெய்யும், இங்கே நிலா காய்ந்துகொண்டிருக்கும், லாரி வருவது போல ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் ஜிப்பைத் திறக்கக்கூட நேரமிருக்காது என்றார். இதே சாலையில் இருக்கும் தங்கடி ஓடை மழைக்காலத்தில் வண்டிகளையே அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

மழைக்காலம்தான் முடிந்துவிட்டதே என்றான் மச்சான். பெரியவர் 2021 அக்டோபரைச் சொன்னார். பருவமழை முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது வந்த மழை அது. மலைமேல் உள்ள முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர். 1897-இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அப்படிப் பெய்ததில்லை. கோசி கரை மீறி ராம்நகர்ப் பக்கத்து விடுதிக்குள் புகுந்து கார்களை மூழ்கடித்தது. ஹல்த்வானியில் கௌலா பாலத்தின் ஒரு பகுதியும், காத்கோதாம் அருகே ரயில் பாதையும் போயின. வெள்ளம் இல்லாத இரவில் யானை வரும் என்றும் சொன்னார். ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் யானைக்கு இந்தக் காய்ந்த ஓடைதான் பாதை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம். மற்ற டென்ட்டுகளில் இருந்தவர்களையும் அவரே போய் அழைத்து வந்தார்.

அன்று இரவு அவர் கடைக்குப் பின்னால், மேட்டு வயலில் எங்கள் கூடாரம். அவர் மனைவி விறகடுப்பில் மண்டுவா ரொட்டி சுட்டார். நம் கேழ்வரகேதான்; தடியாகத் தட்டி, தணலில் வாட்டி, மேலே நெய் விட்டு, பக்கத்தில் ஒரு துண்டு வெல்லம். கூட கஹத் பருப்பு. வாயில் வைத்ததும் தெரிந்தது, கொள்ளு! நம் ஊரில் பலர் சளி பிடித்தால் ரசம் வைக்க மட்டும் எடுக்கிற கொள்ளை, இங்கே குளிர்காலம் முழுக்கப் பருப்பாகவே சாப்பிடுகிறார்கள். உருளைக்கிழங்கு வதக்கலில் கடுகுக்குப் பதில் ஜக்கியா தாளித்திருந்தார். நம் வயல் வரப்பில் களையாக முளைக்கும் நாய்க்கடுகின் விதை அது. பல்லில் பட்டால் நொறுங்கி மணக்கிறது. மச்சான் ரொட்டிக்கு மேல் ரொட்டி கேட்டான். அந்த அம்மாவுக்கு அதில் அத்தனை சந்தோஷம். டீக்குப் பணம் வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கு எவ்வளவு கெஞ்சியும் வாங்கவில்லை. பெரியவர் சில காலம் ஊட்டி அருகே வெலிங்டனில் பணியில் இருந்தவர். ஊட்டி ரயில் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் ஏஜென்ட் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முன்பணம் திருப்பித் தர முடியாது, நேற்று வரை டெல்லிக்காரர்கள் அங்கேதான் தூங்கினார்கள், உங்களுக்கு என்ன பயம் என்றார். மச்சான் குரலை உயர்த்த, அவரும் உயர்த்த, நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். பெரியவர் கடையை விட்டு வந்து ஏஜென்ட்டின் முன்னால் நின்று, “உன் பிள்ளையை அங்கே ஒரு ராத்திரி படுக்க வை, அந்தப் பணத்தை நானே தருகிறேன்” என்றார். ஏஜென்ட் 2,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மீதி 1,000 போனது போனதுதான். ரூபாயைவிட, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே ஆளைப் படுக்க வைக்கும் அந்த மனசுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கோசிக்கரைக்கும் போனோம். ஆற்றின் நடுவே பாறைமேல் கர்ஜியா தேவி கோயில், நல்ல கூட்டம், நல்ல வெயில். கரையெல்லாம் ரிசார்ட் சுவர். குறிப்பாக எழுத எதுவுமில்லை.

இந்தப் பக்கம் கூடாரத்தோடு வர நினைக்கும் வாசகர்களுக்கு என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தங்குவது ஏரிப் பக்கம் ஸாத்தாலில். ஆற்றைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத் தீக் காலம். வெட்டவெளியில் நெருப்பு மூட்டாதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஆற்றுப் படுகையில் கூடாரம் போட்டுத் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.