மடம் எப்போது விடுதியாகிறது?

பழைய மடாலயங்களை விடுதியாக்கியவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். துறவிகள் போய்விட்டார்கள், கட்டடம் இடிந்துகொண்டிருந்தது, பயணிகளின் ரசனை அதைக் காப்பாற்றியது. இந்தக் கதை எனக்கு நெடுநாளாக நெருடுகிறது. துறவிகள் ஏன் போனார்கள் என்று அது கேட்பதேயில்லை. தென்தமிழ்நாட்டின் மலையடிவார ஊரான சேத்தூரை வைத்துப் பார்க்கும்போது நெருடல் இன்னும் கூடுகிறது. மேற்கே தொடர்ச்சி மலை, அருகிலேயே சேத்தூர் ஜமீன் போற்றி வளர்த்த தேவதானம் சிவன் கோயில், மலைக்குள் சாஸ்தா கோயில் அருவி, வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் சதுரகிரி. ஐரோப்பாவில் இப்படி ஓர் அடிவாரம் இருந்தால் மடாலய விடுதி ஒன்று நிச்சயம் முளைத்திருக்கும். இங்கே அந்த வழக்கம் ஏன் வேர்பிடிக்கவில்லை? இதைத் தெரிந்துகொள்ளவே இத்தகைய விடுதிகளின் மூலத்தைத் தேடத் தொடங்கினேன்.

விருந்தினரைத் தங்கவைத்தது புதுமையாக இருக்க முடியாது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு ஒழுங்கின் 53ஆம் அத்தியாயமே, வருகிறவர்களைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்க வேண்டும் என்கிறது. மடாலயத்தில் அந்நியர் படுத்து எழுந்து போவது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான பழக்கம். புதிதாக நடந்தது வேறு. போர்ச்சுகல் 1834இல் துறவு சபைகளைக் கலைத்து அவற்றின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. ஸ்பெயினில் 1836இல் மெந்திசாபல் அரசு மடாலய நிலங்களைப் பறித்து ஏலம் விட்டது. வயலும் தோட்டமும் போனபின் சோறு போட வழியில்லாத வெறும் கட்டடங்களே மிஞ்சின. ஸ்பெயின் அரசு ‘பரதோர்’ என்ற விடுதி வரிசையைத் தொடங்கியது 1928இல், கிரேதோஸ் மலையில். பின்னாளில் பழைய கோட்டைகளும் மடாலயங்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. ஆக, பயணியின் ரசனைக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே ஏலக்காரர் வந்து போயிருந்தார்.

இந்த விளக்கத்தோடு தேடலை முடித்திருக்கலாம். முடிக்க விடாமல் தடுத்தது குவாதலூப்பே என்னும் ஊர். ஸ்பெயினின் மேற்கே வில்லுவெர்காஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரின் மடாலயத்தில் 1389 முதல் ஹியரோனிமியத் துறவிகள் இருந்தார்கள். 1835இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1908இல் பிரான்சிஸ்கன் துறவிகள் வந்து சேர்ந்தார்கள். இன்று அந்த ஊரில் இரண்டு விடுதிகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. யாத்ரிகர்களுக்கு மருத்துவம் பார்த்த பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் அரசின் பரதோர்; மடாலயத்தின் கோதிக் முற்றத்தைச் சுற்றி மடாலயமே நடத்தும் விடுதி. இரண்டுமே பழைய கல், இரண்டிலும் அறை வாடகை உண்டு. நிலம் போனதால்தான் விடுதி வந்தது என்ற விளக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் வாடகை ஒரு நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. மற்றதன் வாடகை அந்த மடாலயத்துக்கே திரும்புகிறது. ஜப்பானின் கோயா மலையில் 50க்கு மேற்பட்ட கோயில்கள் தங்குவோரிடம் பணம் வாங்கிக்கொண்டே கோயில்களாக நீடிப்பதும் இதனால்தான். இந்த இடத்தில் என் கேள்வியையே மாற்ற வேண்டியதாயிற்று. மடத்தை விடுதியாக்கியவர் யார் என்பதைவிட, அறையில் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதே கேட்கத் தகுந்த கேள்வி.

இந்தக் கேள்வியோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பினால் பல விஷயங்கள் தெளிகின்றன. திருவாவடுதுறை ஆதீனத்துக்குத் திருநெல்வேலிச் சீமையில் நிலமும் இருந்தது, கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களில் கிளை மடமும் இருந்தது. நெல் வந்தவரை மடம் மடமாகவே இருந்தது. அறையை வாடகைக்கு விட அதற்குத் தேவை வரவில்லை. சத்திரங்களின் கதை வேறு. 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தின் கோயில், சத்திரம் முதலானவற்றின் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. சோறு போட எழுதிவைத்த நிலத்தின் வரவு செலவு கச்சேரிக் கணக்கில் ஏறியபின், எத்தனையோ சத்திரங்கள் பள்ளிகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. இன்னும் தெளிவான சான்று நகரத்தார் பக்கம் இருக்கிறது. பர்மாவில் நிலமும் வட்டித்தொழிலும் கைவிட்டுப் போனபின், அந்த வருமானத்தில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளில் சில சொகுசு விடுதிகளாயின. அதே சமூகம் காசியில் நிறுவிய சத்திரமோ, அறக்கட்டளைச் சொத்து கூடவே இருந்ததால், இன்றும் யாத்ரிகர் சத்திரமாக நிற்கிறது. சுவரின் வயதோ அழகோ இதைத் தீர்மானிக்கவில்லை, வருமானம்தான் தீர்மானித்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த மடச்சோறும் சத்திரச்சோறும் எல்லோருக்குமா கிடைத்தன? இல்லை. பல சத்திரங்களில் பந்தி சாதியால் பிரிந்திருந்தது. இதே தென்பகுதியில் சேரன்மாதேவி குருகுலத்தில் 1920களில் தனிப்பந்தி எவ்வளவு பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது என்பதைத் தமிழர் அறிவார்கள். காசு கொடுத்தவருக்கெல்லாம் அறை தரும் விடுதி அதைவிட நேர்மையானது அல்லவா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் காசு மட்டும் கதவைத் திறந்துவிடவில்லை. பணம் வாங்கிய உணவு விடுதிகளிலும் சாதிப்படி தனி இடம் இருந்தது. விடுதிகளில் சாதி பார்க்கக் கூடாது என்பதை அரசியலமைப்பின் 15(2) பிரிவு வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. கதவைத் திறந்தவை போராட்டமும் சட்டமும். அவை மடத்தின் கதவையும் திறக்க வல்லவை. மடச்சோறு இலவசம் என்பதும் பாதி உண்மைதான். அந்த நெல்லை அளந்தவர் குத்தகைதாரர். எனவே பழைய மடத்தைப் பொற்காலமாக்க நான் முயலவில்லை. எந்தக் கட்டிலுக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுக்கிறார். அது யார், அந்தப் பணம் யாரைச் சேர்கிறது என்று கேட்கிறேன்.

விடுதியாக்கியதால் கட்டடமாவது பிழைத்ததே என்பது அடுத்த வாதம். பிழைத்தது, மறுக்கவில்லை. போர்ச்சுகலின் ஜெரெஸ் மலைப்பக்கம் சிதைந்து கிடந்த போரு மடாலயத்தைக் கட்டடக் கலைஞர் சௌதோ த மோரா 1997இல் விடுதியாக மீட்டபோது, கூரையில்லாத முற்றத்தை அப்படியே விட்டுவைத்தார். அது உயர்ந்த வேலை. ஆனால் காப்பாற்றப்பட்டது கல். அந்தக் கல் எந்தக் காரியத்துக்காக அடுக்கப்பட்டதோ, அந்தக் காரியத்தைக் காப்பாற்ற வேறு ஏற்பாடு வேண்டும்.

சேத்தூர் அடிவாரத்துக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வி அல்ல. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. சதுரகிரியில் கஞ்சி மடங்கள் நடந்த காலம் போய்விட்டது. மலைமேல் இரவு தங்கவும் அனுமதியில்லை. காட்டைக் காக்க அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் மலையைத் தேடி வருகிறவர்கள் தங்க இடம் கேட்பார்கள். அந்தத் தேவை அடிவாரத்துக்குத்தான் இறங்கும். அப்போது பழைய மடம், சத்திரம், ஜமீன் கட்டடம் எல்லாவற்றின் மீதும் கண் விழும். அவற்றை விடுதியாக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கட்டட வரைபடத்தை விரிப்பதற்கு முன் அந்த இடத்தின் சாசனத்தைப் படிக்க வேண்டும். அதில் என்ன கட்டளை எழுதியிருக்கிறதோ, யாருக்கு எத்தனை பேருக்குச் சோறு என்றிருக்கிறதோ, அந்தச் செலவு அறை வாடகையின் முதல் பங்காக ஒதுக்கப்பட வேண்டும். சாதி விலக்கு இருந்தால் அதை மட்டும் நீக்க வேண்டும். குவாதலூப்பேயின் துறவிகளால் வாடகை வாங்கிக்கொண்டே மடாலயத்தை நடத்த முடிகிறது என்றால், தேவதானத்துக்குப் பக்கத்திலும் அது முடியும்.