வேனுக்குக் கேஸ் மாற்றினால் காசு மிஞ்சுமா?

எங்களிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. மாருதி கம்பெனி 1984-இல் கொண்டுவந்து 2019-இல் நிறுத்திவிட்ட அதே வண்டிதான். 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். பின் சீட்டை மடக்கி, தச்சரிடம் சொல்லி ஒரு பலகை அடித்து, மேலே மெத்தை போட்டிருக்கிறேன். தண்ணீர் கேன், ஒரு சின்ன அடுப்பு, இரண்டு போர்வை. ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் நவதிருப்பதி, குற்றாலம், ராமேஸ்வரம் என்று இதில்தான் சுற்றுகிறோம். வெளிநாட்டில் இதற்குக் கேம்பர் வேன் என்று பெயராம். எங்கள் தெருவில் 'வீட்டு வண்டி' என்கிறார்கள்.

பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்டதிலிருந்து என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே யோசனை சொல்கிறார்கள்: "கேஸுக்கு மாத்திருங்க சார், பாதிக்குப் பாதி மிச்சம்." நான் கூட்டுறவு வங்கியில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியவன். பாதிக்குப் பாதி என்று யாராவது சொன்னால் உடனே பேனாவைத் தேடுவேன்.

முதலில் ஒரு விஷயம். ஒரு லிட்டர் கேஸும் ஒரு லிட்டர் பெட்ரோலும் சமம் அல்ல. பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ அளவுக்கு எடை இருக்கும். எல்பிஜி அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். ஆகவே லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதில் இருக்கும் சக்தியும் குறைவு. பெட்ரோலில் 14 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி கேஸில் 11 கொடுத்தால் அதுவே சரியான கணக்கு. பங்கில் எழுதியிருக்கும் இரண்டு விலைகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள்.

கணக்குக்கு வசதியாகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கேஸ் லிட்டர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 14 காசு. கேஸில் 5 ரூபாய் 91 காசு. மிச்சம் 1 ரூபாய் 23 காசு. லாபம் உண்டு, ஆனால் பாதிக்குப் பாதி இல்லை. ஆறில் ஒரு பங்கு. கேஸ் விலை பெட்ரோல் விலையில் நூற்றுக்கு எழுபத்தெட்டைத் தொட்டுவிட்டால் இந்த மிச்சமும் இருக்காது.

இனி மாற்றும் செலவு. அங்கீகாரம் பெற்ற கிட், டாங்க், பொருத்துக்கூலி, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு எல்லாம் சேர்த்து எனக்குச் சொன்ன தொகை 32,000 ரூபாய். அதை 1 ரூபாய் 23 காசால் வகுத்தால் 26,000 கிலோமீட்டர். அத்தனை தூரம் ஓடிய பிறகுதான் போட்ட பணம் கைக்கு வரும்.

நாங்கள் வருடத்துக்கு ஓடுவது நாலாயிரம் கிலோமீட்டர். அப்படியானால் ஆறரை வருடம். அதற்குள் டாங்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அது தனிச் செலவு. வண்டி எடுக்கும்போது பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும்; ஆகவே பெட்ரோலையும் அடியோடு விட முடியாது. டாங்கில் நூற்றுக்கு எண்பது பங்குதான் நிரப்பலாம். வெயிலில் கேஸ் விரிவதற்கு இடம் வேண்டுமே. எங்கள் வண்டியில் அந்த டாங்க் வந்து உட்கார்ந்தால் பலகைக்கு அடியில் சாமான் வைக்க இடம் போய்விடும். கேஸ் பங்க் எல்லா ஊரிலும் இல்லை. கோயில் கோயிலாகப் போகிறவர்கள் பங்க் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

இந்தக் கணக்கை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகப் படித்துவிட்டு, "ஏங்க, லாபம் ஆரம்பிக்கும்போது உங்களுக்கு எழுபத்தஞ்சு ஆகும். அதுவரைக்கும் வண்டி ஓடும், நாம ஓடுவோமா?" என்று கேட்டாள். பெட்ரோலே போதும் என்று அன்றே முடிவானது.

ஆனால் எங்கள் தெருவிலேயே வேறு ஒருவருக்கு இதே கணக்கு வேறு பதில் சொன்னது. அவர் பூ வியாபாரி. அவரிடமும் ஆம்னிதான். இரவு இரண்டு மணிக்குத் திருநெல்வேலியில் கிளம்பி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி தாண்டித் தோவாளைச் சந்தையில் பூ எடுத்து, விடிவதற்குள் திரும்பிவிடுவார். போக வர 140 கிலோமீட்டர். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 3,500.

ஒருநாள் வந்து, "அண்ணாச்சி, ஒரு மெக்கானிக் ஆறாயிரத்துக்கு மாத்தித் தாரேங்கான். வீட்டு சிலிண்டரையே பின்னாடி வச்சு குழாய் குடுத்துருவானாம். நெறைய பேரு அப்படித்தான் ஓட்டுதாங்களாம். என்ன சொல்லுதீய?" என்றார்.

எனக்கு உடனே அவருடைய மூத்த மகன் ஞாபகம்தான் வந்தது. பள்ளி விடுமுறை விட்டால் அந்தப் பையன் அப்பாவுடன் தோவாளைக்குப் போவான். திரும்பி வரும்போது பின்னால் பூ மூட்டைகளுக்கு நடுவே படுத்துத் தூங்கிவிடுவான். அந்த மூட்டைக்குப் பக்கத்தில்தான் இந்தச் சிலிண்டர் இருக்கப் போகிறது.

சட்டம் பற்றியும் சொன்னேன். 2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, 2001-இல் தனி ஆணை போட்டுத்தான் வண்டிகளில் எல்பிஜியை அனுமதித்தார்கள். அதிலும் வண்டிக்கென்று செய்த டாங்குக்குத்தான் அனுமதி. வீட்டு சிலிண்டரை வைத்தால் வழக்கு வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி ஓட்டுகிறவர் சட்டத்துக்கு அவ்வளவாகப் பயப்பட மாட்டார். அதனால் சிலிண்டரைப் பற்றியே சொன்னேன். வீட்டில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டர், சமையலறையில் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்தது. அதன் மேல்பகுதியிலிருந்து ஆவிதான் வெளியே வர வேண்டும். படுக்க வைத்தால் திரவமே வரும். வண்டி டாங்கில் எண்பது பங்கு நிரம்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு உண்டு. குழாய் அறுந்து கேஸ் வேகமாகப் பீறிட்டால் அதை நிறுத்தும் வால்வும் உண்டு. வீட்டு சிலிண்டரில் இவை கிடையாது. எல்பிஜி காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் தரையில் தேங்கும். ஆம்னியில் எஞ்சின் இருப்பதோ முன் சீட்டுக்கு அடியில். கேஸ் வாசனையை மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று சொல்லலாம். ஐம்பது கிலோ மல்லிகைக்கு நடுவில் தூங்குகிற பையனுக்கு எந்த வாசனை தெரியும்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி அண்ணாச்சி, முப்பத்திரண்டாயிரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

அது நியாயமான கேள்வி. ஆபத்து என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம்; அவருக்கு வழியும் சொல்ல வேண்டும் அல்லவா? திரும்பவும் பேனாவை எடுத்தேன். 3,500 கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 23 காசு என்றால் மாதம் 4,300 ரூபாய் மிஞ்சும். நகைக்கடன் வாங்கி, மிஞ்சுகிற அந்தப் பணத்தை அப்படியே கடனுக்குக் கட்டினால், வட்டியோடு சேர்த்து ஒன்பது மாதத்துக்குள் அடைந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவருக்கு. கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மனைவியின் வளையலை வைத்துக் கடன் வாங்கி, முறைப்படி மாற்றி, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிவிட்டார். மழைக் காலத்தில் சில நாள் வண்டி ஓடாததால் ஒன்பதுக்குப் பதில் பதினோரு மாதம் ஆனது. வளையல் வீட்டுக்கு வந்த அன்று எங்கள் வாசலில் இரண்டு முழம் பிச்சிப்பூ வந்தது.

ஆகவே கேஸுக்கு மாற்றினால் காசு மிஞ்சுமா என்று கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது இதுதான்: மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள்? ஆயிரத்துக்குக் கீழே என்றால் அந்தப் பணத்தைப் பெட்ரோலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்றைச் சரியாக வைத்து, நிதானமாக ஓட்டி, ஒன்பது பெருமாளையும் ஒரே சுற்றில் சேவித்துவிட்டு வந்தாலே கொஞ்சம் மிஞ்சும். இரண்டாயிரத்துக்கு மேல் என்றால் தாராளமாக மாற்றலாம், ஆனால் பதிவோடு, வண்டிக்கான டாங்கோடு. இரண்டுக்கும் இடையில் இருப்பவர்கள், உங்கள் ஊரில் இன்றைக்கு இருக்கும் இரண்டு விலைகளையும் எழுதி, கேஸுக்குக் கிலோமீட்டர் 11 என்று போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.