நித்திய கல்யாணியும் முள்சீத்தாக் கஷாயமும்

நித்திய கல்யாணிச் செடியைத் தெரியாதவங்க நம்ம ஊர்ல இருக்க முடியாது. ரோஸ் கலர்லயும் வெள்ளையிலயும் அஞ்சு இதழோட, யாரும் தண்ணி ஊத்தாட்டியும் வருஷம் முழுக்கப் பூத்துக்கிட்டே இருக்கும். சுடுகாட்டு ஓரத்துல நிறைய முளைக்கிறதால சுடுகாட்டு மல்லின்னு இன்னொரு பேரு. இலங்கையில பட்டிப்பூம்பாங்க. தலையில வைக்கத் தயங்குற இந்தப் பூச்செடியில இருந்துதான் புற்றுநோய்க்கு ரெண்டு முக்கியமான மருந்து கிடைச்சிருக்கு. வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின்.

இதை இப்ப எதுக்குச் சொல்றேன்னா, எங்க சொந்தத்துல ஒரு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு ஆபரேஷன் முடிஞ்சு, கீமோ ரெண்டு தடவை ஏத்தியாச்சு. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. 'இனிமே அந்த ஊசி வேண்டாம், முள்சீத்தா இலையைக் கஷாயம் போட்டுக் குடிச்சுக்கறேன்'னு அக்கா சொல்லிட்டாங்க. அத்தான் எனக்கு ஃபோன் பண்ணி, "எல்லா மருந்தும் செடியில இருந்துதான மாப்ள வருது? அப்ப நேரா செடியையே சாப்பிட்டா என்ன?"ன்னு கேட்டார்.

நியாயமான கேள்வி. சிரிச்சுட்டுப் போற கேள்வி இல்லை. இதுக்கு 'ஆமாம்'னும் ஒரு பதில் இருக்கு, 'இல்லை'ன்னும் ஒரு பதில் இருக்கு. ரெண்டையும் சொல்லிடறேன்.

முதல்ல ஆமாம்.

1952-ல கனடாவுல ராபர்ட் நோபிள்னு ஒரு ஆராய்ச்சியாளர். அவரோட அண்ணன் தம்பியில ஒருத்தரான டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவுல இருந்து ஒரு நோயாளி கொஞ்சம் நித்திய கல்யாணி இலையை அனுப்பியிருந்தார். அங்க சர்க்கரை வியாதிக்கு அந்த இலையில டீ போட்டுக் குடிப்பாங்களாம். இலை ராபர்ட்டோட ஆய்வகத்துக்குப் போச்சு. எலிக்கு வாய் வழியா கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை ஒரு துளிகூடக் குறையலை. சாறை ஊசியா போட்டுப் பார்த்தார், எலிகள் கிருமித் தொற்று வந்து செத்துப் போச்சு. ஏன்னு பார்த்தா ரத்தத்துல வெள்ளை அணுக்கள் சரசரன்னு குறைஞ்சிருக்கு. வேற யாராவது இருந்தா இலையைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பாங்க. இவரு, வெள்ளை அணு தாறுமாறாப் பெருகுறதுதானே ரத்தப் புற்றுநோய், அதுக்கு இது உதவுமான்னு யோசிச்சார். சார்ல்ஸ் பீர்ங்கிற வேதியியலாளரோட சேர்ந்து இலையில இருந்து வின்பிளாஸ்டினைப் பிரிச்செடுத்தார். அதே சமயத்துல அமெரிக்காவுல எலி லில்லி கம்பெனியும் இதே செடியைக் குடைஞ்சுக்கிட்டிருந்தது. வின்கிறிஸ்டின் அங்கிருந்து வந்தது. 1963-ல அனுமதி கிடைச்சது.

1960 வாக்குல ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்க பிழைக்கிறது ரொம்ப அபூர்வம். இன்னைக்கு வசதியான நாடுகள்ல குழந்தைகளுக்கு வர்ற லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் பிழைச்சுக்கறாங்க. வின்கிறிஸ்டின் மட்டும் காரணமில்லை, பல மருந்துகளைச் சேர்த்துத்தான் கொடுக்கறாங்க. ஆனா அந்தக் கூட்டணியில அது இன்னைக்கும் இருக்கு.

இன்னொண்ணு, பசிபிக் யூ மரம். 1962-ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலக் காட்டுல இருந்து இதோட பட்டையைச் சேகரிச்சாங்க. மன்றோ வால், மன்சுக் வாணின்னு ரெண்டு பேர் அதுல இருந்து டாக்ஸாலைப் பிரிச்சு, 1971-ல அதோட அமைப்பை வெளியிட்டாங்க. வாணி நம்ம மகாராஷ்டிராக்காரர். மருந்தா அனுமதி கிடைச்சது 1992-ல. பட்டையில இருந்து மருந்து வர 30 வருஷம்!

செல் ரெண்டாப் பிரியும்போது குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்கறதுக்கு உள்ளே நூல் மாதிரி ஒரு அமைப்பு கட்டும். வின்கிறிஸ்டின் அந்த நூலைக் கட்ட விடாது. டாக்ஸால் கட்டின நூலை அவிழ்க்க விடாது. ரெண்டு வழியிலயும் செல் பிரிய முடியாம சாகும். முடியோட வேர்ல இருக்கிற செல்லும் வேகமாப் பிரியற ஜாதிங்கிறதால அதுக்கும் அடி விழுது.

இதுல ஒரு வேடிக்கை. அக்காவுக்கு ரெண்டு தடவை ஏத்தின சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். அது மண்ணுல வாழுற ஒரு நுண்ணுயிர்ல இருந்து வந்தது. அடுத்த கட்டத்துல ஏத்தறதுக்குக் குறிச்சிருக்கிற பாக்லிடாக்ஸெல், அதே யூ மரத்து டாக்ஸால்தான். எதை 'கெமிக்கல்'னு அக்கா பயப்படுறாங்களோ அது மரத்துலயும் மண்ணுலயும் பிறந்தது.

இப்ப இல்லைங்கிற பதில்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காய்ஞ்ச இலை வேணும். வின்கிறிஸ்டின் அதை விடவும் குறைவாத்தான் இருக்கு. அந்த இலையில 100-க்கு மேல ஆல்கலாய்டுகள் இருக்கு, அதுல விஷமும் உண்டு. பெரியவங்களுக்கு வின்கிறிஸ்டின் ஒரு தடவைக்கு வழக்கமா 2 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டாங்க. கூடினா நரம்பு பாதிக்கும். நரம்புல ஏத்த வேண்டியதைத் தவறி முதுகுத்தண்டு நீர்ல ஏத்திட்டா உயிரே போயிடும். இப்படிப்பட்ட சரக்கைக் கைப்பிடி இலையைக் கொதிக்க வெச்சு எப்படி அளக்கிறது? ஆராய்ச்சி பண்ணினவங்க செடிக்குள்ள இல்லாத எதையும் புதுசா சேர்த்துடலை. வேண்டாததை நீக்கினாங்க, வேண்டியதை அளந்தாங்க, யாருக்கு எவ்வளவு கொடுத்தா என்ன ஆகும்னு கணக்கு வெச்சாங்க. மருந்துங்கிறது அந்தக் கணக்குதான்.

முள்சீத்தாவுக்கு அந்தக் கணக்கு இல்லை. 'கீமோவை விட 10,000 மடங்கு சக்தி'ன்னு வாட்ஸ்அப்புல சுத்துறது ஆய்வகத் தட்டுல வளர்த்த செல்களை வெச்சுச் சொல்றது. தட்டுல பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தினாக்கூட புற்றுசெல் சாகும். மனுஷனைச் சாகவிடாம செல்லை மட்டும் சாகடிக்கணும், அதுதானே கஷ்டம்? முள்சீத்தா புற்றுநோயைக் குணப்படுத்தும்னு மனுஷங்ககிட்ட நிரூபிச்ச ஆய்வு கிடையாது. கரீபியன் தீவான குவாதலூப்ல, முள்சீத்தாப் பழமும் இலை டீயும் வழக்கமாச் சாப்பிடறவங்ககிட்ட பார்க்கின்சன் மாதிரி ஒரு நரம்பு நோய் அதிகமா இருக்குன்னு 1999-ல எழுதினாங்க. அதுல இருக்கிற அனோனசின் நரம்பு செல்லைப் பாதிக்கிறதுதான் சந்தேகம். எப்பவாவது ஒரு பழம் சாப்பிடறதைச் சொல்லலை. தினம் மூணு வேளை கஷாயத்தைத்தான் சொல்றேன்.

இதெல்லாம் அத்தான்கிட்ட சொன்னேன். அவரு அக்காவைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட கஷாய விஷயத்தையும் வாந்தியையும் மறைக்காம சொல்லியிருக்கார். அவங்க திட்டலை. வாந்திக்கு வேற மாத்திரை எழுதி, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க ஒண்ணு கொடுத்தாங்க. மூணாவது ஊசி மூணு வாரம் தள்ளிப் போச்சு, ஆனா போட்டாச்சு. யோசிச்சுப் பார்த்தா அக்கா ஓடினது மருந்தை விட்டு இல்லை, வாந்தியை விட்டு.

அடுத்தது வைட்டமின். 'இது சத்து மாத்திரைதானே, என்ன ஆயிடும்?'னு கேட்பாங்க. காய்கறி நிறைய சாப்பிடறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவா இருந்ததைப் பார்த்து, அதுக்கு பீட்டா கரோட்டின்தான் காரணம்னு நினைச்சாங்க. பின்லாந்துல சிகரெட் பிடிக்கிற 29,133 ஆண்களை வெச்சுப் பெரிய சோதனை. 1994-ல முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவுல நடந்த இதே மாதிரி சோதனையை 1996-ல பாதியில நிறுத்தினாங்க. கேரட் வேற, கேரட்ல இருந்து ஒண்ணை மட்டும் உருவி மாத்திரையாக்குறது வேற.

வைட்டமின் சி கதையும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு நோபல் பரிசு வாங்கின லைனஸ் பாலிங், இவான் கேமரன்ங்கிற டாக்டரோட சேர்ந்து, அதிக அளவு வைட்டமின் சி கொடுத்தா புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழறாங்கன்னு 1976-ல எழுதினார். ஆனா அவங்க ஒப்பிட்டது பழைய கேஸ் கட்டுகளோட. மாயோ கிளினிக்ல ஒரு பிரிவுக்குத் தினம் 10 கிராம் வைட்டமின் சி, இன்னொரு பிரிவுக்கு வெறும் மாத்திரைன்னு பிரிச்சுக் கொடுத்துப் பார்த்தப்ப, 1979-லயும் சரி 1985-லயும் சரி, ஒரு வித்தியாசமும் இல்லை. வாய் வழியா இல்லாம நரம்பு வழியா ஏத்தினா எப்படின்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. நிலைநாட்டப்பட்ட சிகிச்சையா அது இன்னும் ஆகலை. நோபல் பரிசு வாங்கினவர் சொன்னாலும் சோதிச்சுத்தான் பார்க்கணும்.

வைட்டமினே உதவாதான்னா, ஒரு இடத்துல அற்புதமா உதவியிருக்கு. வைட்டமின் ஏ-யோட நெருங்கின சொந்தம் ரெட்டினாயிக் அமிலம். சீனாவுல ஷாங்காய் நகரத்து டாக்டர் வாங் ஷென்யி, 1985-ல ஏபிஎல்ங்கிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய் வந்த அஞ்சு வயசுக் குழந்தைக்கு இதைக் கொடுத்தார். குழந்தை தேறிடுச்சு. 1988-ல அவங்க குழு 24 நோயாளிகளோட விவரத்தை வெளியிட்டாங்க. எல்லாருக்கும் நோய் அடங்கியிருந்தது. இன்னைக்கு இதையும் ஆர்செனிக்கையும் சேர்த்துக் கொடுத்து, வழக்கமான கீமோ இல்லாமலே பலரைக் குணப்படுத்தறாங்க. ஆர்செனிக்னா நம்ம பாஷாணம்தான்! ஆனா இது வேலை செய்யறது ஏபிஎல்லுக்குத்தான். அந்த நோய்லதான் வைட்டமின் ஏ-யை வாங்கிக்கிற பூட்டே கோளாறாகி இருக்கு, அதனால இந்தச் சாவி திறக்குது. இதைக் கேட்டுட்டு வைட்டமின் ஏ மாத்திரையை வாங்கி முழுங்கினா ஈரல்தான் கெடும்.

மஞ்சளைப் பத்திக் கேட்பீங்க. குர்குமினைப் பத்தி ஆயிரக்கணக்கில ஆய்வுக் கட்டுரை இருக்கு. வயித்துல இருந்து ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம், போனதும் சீக்கிரமே சிதைஞ்சிடுது. நோயாளிக்கும் டாக்டருக்கும் எது மருந்துன்னு தெரியாம நடத்தின சோதனை எதுலயும் அது ஜெயிக்கலைன்னு 2017-ல ஒரு விரிவான அலசல் வந்தது. ரசத்துக்கும் குழம்புக்கும் தாராளமாப் போடுங்க :-)

கடைசியா ஒரே ஒரு புள்ளிவிவரம். அமெரிக்காவுல, நோய் உடம்புல பரவறதுக்கு முன்னாடியே தெரிஞ்சும் மாற்று வைத்தியம் மட்டும் போதும்னு போன 281 பேரைப் பத்தி 2018-ல ஒரு ஆய்வு. முறையான சிகிச்சை எடுத்துக்கிட்டவங்களோட ஒப்பிட்டா இவங்களுக்குச் சாகற அபாயம் ரெண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில மட்டும் அஞ்சரை மடங்குக்கு மேல. பெரும்பாலும் குணமாகக்கூடிய கட்டத்துல இருந்தவங்க இவங்க.

அதனால வீட்ல யாருக்காவது இந்த நோய் இருந்து, யாராவது இலையோ பொடியோ கொண்டு வந்து கொடுத்தா மூணு கேள்வி கேளுங்க. இது எத்தனை மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்த்தது? கொடுக்காதவங்களோட ஒப்பிட்டாங்களா? இப்ப ஓடற மருந்தோட மோதுமா? மூணாவது கேள்வியை டாக்டர்கிட்டயே கேட்டுடுங்க. கிரீன் டீ கூட சும்மா இல்லை. அதுல இருக்கிற ஒரு பொருள் போர்டெசோமிப்ங்கிற புற்றுநோய் மருந்தை வேலை செய்யவிடாமப் பண்ணிடுதுன்னு 2009-ல எலிகள்ல பார்த்திருக்காங்க. எதைச் சாப்பிட்டாலும் சொல்லிட்டுச் சாப்பிடுங்க. வாந்தி, வலி, பயம் எதையும் அடக்கி வைக்காதீங்க. அதுக்கெல்லாமும் மருந்து இருக்கு.