‘அப்பா’ என்று அழைக்கலாமா?

இறைவனை அழைக்க எத்தனையோ பெயர்கள் உண்டு. ஆண்டவர், ஆயர், அரசர், நடுவர், படைத்தவர் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு பட்டியலே படித்திருக்கிறோம். ஆனால் நம் ஆண்டவர் இயேசு தம் சீடருக்குச் செபிக்கக் கற்றுக்கொடுத்தபோது இவற்றுள் எதையும் முதலில் வைக்கவில்லை. தந்தை என்ற சொல்லைத்தான் வைத்தார். எங்கள் பாட்டிமார் இன்றும் ‘பிதாவே’ என்று தொடங்குகிறார்கள். நாங்கள் ‘தந்தையே’ என்கிறோம். எப்படிச் சொன்னாலும் அந்த முதற்சொல்லில் நின்று யோசிப்பவர் எத்தனை பேர்?

இயேசு பேசிய அரமேய மொழியில் தந்தையை அழைக்கும் சொல் ‘அப்பா’. தமிழ்ப் பெண்களாகிய எங்களுக்கு இதைக் கேட்டபோது உண்டான மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது! புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் இச்சொல் அப்படியே நிற்கிறது. ஒன்று மாற்கு நற்செய்தி 14ஆம் அதிகாரம்; மற்ற இரண்டும் புனித பவுல் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் வரைந்த திருமுகங்கள். கிரேக்க மொழியில் எழுதியவர்கள், பொருளையும் எழுதிவிட்டு, மூலச்சொல்லையும் விட மனமின்றி அருகிலேயே வைத்திருக்கிறார்கள். இது குழந்தைகளின் மழலைச் சொல் என்று சிலர் சொல்வதுண்டு. வளர்ந்தவர்களும் அப்படியே அழைத்தார்கள் என்று அறிஞர் பின்னர் எடுத்துக்காட்டினர். எங்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. எங்கள் வீடுகளிலும் மூன்று வயதுத் தம்பி சொல்வதும் ‘அப்பா’தான், தலை நரைத்த பெரியப்பா தம் தகப்பனாரை அழைப்பதும் ‘அப்பா’தான்.

ஒன்றை மட்டும் கவனித்தோம். மாற்கு எழுதியிருப்பது கெத்சமனித் தோட்டத்து இரவைப் பற்றி. இயேசு அச்சமும் துயரமும் மேலிட்டுத் தரையில் விழுந்து கிடந்த வேளையில் அவர் வாயில் வந்த சொல் அது.

இவ்வாண்டுத் தியானத்தின் இரண்டாம் நாள், தியானம் கொடுத்த குருவானவர் எங்களைக் கண்களை மூடச் சொன்னார். ஒவ்வொருவரும் தம் தந்தையின் முகத்தை மனத்தில் கொண்டுவந்து, கடவுள் இதைவிட அன்பானவர் என்று நினைத்துச் செபிக்கும்படி சொன்னார். நல்ல யோசனைதான். எங்களில் சிலர் புன்னகைத்தோம். தந்தை வெளிநாட்டில் வேலை செய்யும் தோழிகள் கண்ணீர் விட்டார்கள். ஒருத்தி மட்டும் கண்களைத் திறந்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் இங்கே வேண்டாம். இதை அவள் படித்துப் பார்த்து, ‘எழுதுங்கடி’ என்று சொன்ன பிறகே கொடுக்கிறோம்.

“எங்கப்பா முகத்தை நினைச்சா எனக்குப் பயம்தான்டி வருது. கடவுள் அதைவிடப் பெரிய அப்பான்னா, அதைவிடப் பெரிய பயமா?” என்று அன்றிரவு கேட்டாள். அவள் தந்தை குடிப்பவர். குடித்தால் கை நீட்டுபவர். எங்களிடம் பதில் இல்லை. கூட்டமாகப் போய் விடுதிச் சிஸ்டரிடம் கேட்டோம். சிஸ்டர் லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தை விரித்து, ஊதாரி மகனைத் தூரத்தில் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தந்தையைப் பற்றிச் சொன்னார். மேலாடை, மோதிரம், காலணி, கொழுத்த கன்று எல்லாம் சொன்னார்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தக் கதையில் தவறிப் போனது மகன், சிஸ்டர். எங்க வீட்டில் தவறிப் போனது அப்பா” என்றாள்.

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. உடனே ஏதாவது சொல்லி எங்கள் வாயை அடைக்காமல் இருந்தாரே, அதற்காகவே அவரை நாங்கள் அதிகம் மதிக்கிறோம். இரண்டு நாள் கழித்துக் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் வரலாற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புனிதையை ரோசாப் பூக்களோடு படத்தில் பார்த்திருக்கிறோமே தவிர, அவர் கதை எங்களுக்குத் தெரியாது. 1873இல் பிரான்சு நாட்டில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். தந்தை லூயி மார்ட்டினே ஐந்து பெண்களையும் வளர்த்தார். கடைக்குட்டியான தெரேசாவைத் ‘சின்ன ராணி’ என்று கொஞ்சுவார். அவரும் தந்தையை ‘என் அரசர்’ என்பார். மாலைதோறும் கைபிடித்து உலாவ அழைத்துப் போவார். ஒரு நாள் இரவு வீடு திரும்பும்போது ஓரியன் விண்மீன் கூட்டத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கண்டுவிட்ட குழந்தை, தன் பெயர் வானத்தில் எழுதியிருக்கிறதென்று துள்ளியது. இனித் தரையைப் பார்க்கமாட்டேன், நீங்களே நடத்திக்கொண்டு போங்கள் என்று சொல்லி, அண்ணாந்து பார்த்தபடியே நடந்தது. பிற்காலத்தில் மனம் வறண்டு ஒரு நல்ல எண்ணமும் எழாத நாட்களில், ஆண்டவர் கற்பித்த செபத்தை மிக மெதுவாகச் சொல்வது அவர் வழக்கமாம்.

இதுவரை படித்ததும் எங்கள் தோழி புத்தகத்தை மூடிவிட்டாள். “அவங்களுக்கு அப்படி ஒரு அப்பா. கடவுளை அப்பான்னு சொல்றது சுலபம்” என்றாள். நியாயமான பேச்சுத்தானே! நாங்கள் விடாமல் மீதியையும் உரக்கப் படித்தோம்.

1888இல் தெரேசா கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து, எங்கள் வயது. மறு ஆண்டே தந்தைக்கு மூளை நோய் முற்றி, மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். அடைப்பு மடத்தில் வாழ்ந்த மகளால் போய்ப் பார்க்க இயலவில்லை. கைபிடித்து நடத்தியவர், தம்மைத் தாமே நடத்த முடியாதவரானார். 1892 மே மாதம் அவரை மடத்துக்கு ஒருமுறை அழைத்து வந்தார்கள். பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. விடைபெறும்போது விரலை உயர்த்தி மேலே காட்டினாராம். 1894இல் இறந்தார். தெரேசாவும் 1897இல் 24 வயதில் காலமானார். 1925இல் அவருக்கும், 2015இல் அவருடைய பெற்றோருக்கும் திருச்சபை புனிதர் பட்டம் அளித்தது.

தந்தை நிலைகுலைந்த அந்த ஆண்டுகளிலும் மகள் கடவுளை நம்பித் தந்தை என்றே அழைத்திருக்கிறார். அப்படியானால் அந்த நம்பிக்கை லூயி மார்ட்டினின் நல்ல முகத்தை மட்டும் பார்த்து வந்ததாக இருக்க முடியாது. இதை எங்களில் ஒருத்தி சொல்ல, சிஸ்டர் எபேசியர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். விண்ணிலும் மண்ணிலும் உள்ள குடும்பங்களெல்லாம் கடவுளாகிய தந்தையிடமிருந்தே பெயர் பெறுகின்றன என்பது பவுலின் கருத்து. நாம் வீட்டிலிருந்து தொடங்கி மேலே போகிறோம். அவர் மேலிருந்து வீட்டுக்கு வருகிறார். 1978இல் 33 நாட்களே பாப்பரசராக இருந்த முதலாம் அருள் சின்னப்பர், கடவுள் தந்தை மட்டுமல்ல, அதற்கும் மேலாகத் தாய் என்று பேசியதையும் சிஸ்டர் நினைவூட்டினார்.

எங்கள் தோழி வெகுநேரம் யோசித்தாள். “அப்போ எங்கப்பாவை வெச்சுக் கடவுளை அளக்க வேண்டாம். கடவுளை வெச்சு எங்கப்பா எவ்வளவு தூரம் போயிட்டார்னு பார்க்கலாம்” என்றாள். பிறகு, “திரும்பி வரவும் அவ்வளவு தூரம் நடக்கணுமே” என்றாள். அவள் பயம் அன்றே போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். சில நாட்கள் அவள் அந்தச் செபத்தை இரண்டாம் வரியிலிருந்துதான் சொன்னாள்.

பார்வையாளர் வரும் ஞாயிறன்று அவள் தந்தை வந்தார். துவைத்த சட்டை, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். வேப்பமரத்தடியில் அவள் எங்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினாள். “எல்லாரும் நல்லாப் படிக்கிறீங்களாம்மா?” என்று எங்கள் முகத்தைப் பாராமல் கேட்டார். கை சற்று நடுங்கியது. அவர் போன பிறகு, “இன்னிக்குக் குடிக்காம வந்தார்டி” என்று அவள் மெல்லச் சொன்னாள். கடலையை எல்லாருக்கும் பங்கிட்டாள்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. மாலை ஐந்து மணி வரை அதே வேப்பமரத்தடியில் அவளோடு நாங்களும் உட்கார்ந்திருந்தோம். லூக்காவின் கதையில் வழி பார்த்திருந்தவர் தந்தை, இங்கே மகள். அவள் அழவில்லை. “அடுத்த மாசம் வருவார்” என்று எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் நடந்தாள்.